விலை கூடியதை வாங்கினால் கணக்காய்வு பிடிக்குமா?

யாழ்ப்பாண மாவட்டத்தில் அரச அலுவலகம் ஒன்றின் பெறுகைப் பிரிவில் வேலைசெய்யும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளும் அலுவலகமும் அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

கரண்ட் குறைவாக இழுக்கும் பொருள்களை அரச அலுவலகங்கள் எப்படி வாங்குவது என்ற பயிற்சிக்கு இவரை அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்த கையோடு எட்டு ஏசி வாங்கும் வேலை வந்தது. பதினெட்டாயிரம் பிரியூ (BTU, குளிராக்கும் திறனின் அளவு) வகை. மிகக் குறைந்த விலை சொன்னவர் ஒன்றுக்கு 235,000 ரூபாய் கேட்டார். அடுத்தவர் 295,000. இரண்டாவது நல்ல இன்வேர்ட்டர் வகை, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும், மின்செலவு குறைவு. அதையே எடுக்கலாம் என்று இவர் சொல்ல, கணக்காளர், "ஒன்றுக்கு அறுபதாயிரம் கூடக் கொடுத்தால் கணக்காய்வில் இருந்து ஐயவினா வரும், பிறகு கைக்காசு கட்ட நீர் தயாரோ?" என்று கேட்டுக் கோப்பை மூடிவிட்டார். விலை குறைந்ததே வந்து பூட்டப்பட்டது.

இப்போது மாவட்டத்துப் பிரதேச சபைகள், திணைக்களங்களில் கொள்வனவு பார்க்கும் 25 பேருக்கு அரைநாள் பயிற்சி நடத்தும் பொறுப்பையும் இவரிடமே கொடுத்திருக்கிறார்கள். "எங்கள் அலுவலகத்திலேயே நடக்காததை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? வருகிறவர்களில் பாதிப்பேர், லைட்டை நிற்பாட்டிவிட்டுப் போகச் சொல்லும் கூட்டம் என்றுதான் நினைக்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் உள்ளதை மட்டும் வாங்குங்கள் என்று சொன்னால் போதுமா? நல்ல கம்பனியின் பெயரையே கேள்விமனுவில் போடலாமா? ஏசி விற்கும் நிறுவனம் ஒன்று தங்கள் ஆளை வளவாளராக அனுப்பி, மதியச் சாப்பாடும் தருவதாகச் சொல்கிறது, வாங்கலாமா?" என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: "இதில் நான் மாட்டிக்கொள்வேனோ என்ற பயமும் இருக்கிறது."

அன்புள்ள சகோதரி,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பயப்படவேண்டிய இடம் நீங்கள் நினைக்கும் இடம் இல்லை. அதனால் அந்த ஏசி விடயத்தை முதலில் முடித்துக்கொள்வோம்.

அன்று கணக்காளர் எடுத்த முடிவு சரி. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் பிழை. நீங்கள் சொன்ன காரணம் சரி, சொன்ன நேரம் பிழை.

விலைமனுவைத் திறந்து எல்லோருடைய விலையையும் பார்த்த பிறகு, "மின்செலவையும் பார்ப்போம்" என்று சொன்னால் அது விளையாட்டின் நடுவில் விதியை மாற்றுவது. 235,000 சொன்னவர் உங்கள் ஆவணத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் விலை போட்டார். மின்செலவும் கணக்கில் வரும் என்று தெரிந்திருந்தால் அவரும் வேறு மொடல் கொடுத்திருப்பார். ஆவணத்தில் இல்லாத ஒன்றை வைத்து அவரைத் தள்ளியிருந்தால் அவர் முறையீடு செய்திருக்கலாம், அதில் நியாயமும் இருந்திருக்கும். உங்கள் நல்ல எண்ணம் உங்களையே கொண்டுபோய் மாட்டிவிட்டிருக்கும்.

ஆனால் "விலை குறைந்ததைத்தான் வாங்கவேண்டும்" என்று எந்த வழிகாட்டலும் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் அரச பெறுகை வழிகாட்டல்களிலும் சரி, தேசிய பெறுகை ஆணைக்குழு வெளியிட்டு 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வழிகாட்டல்களிலும் சரி, தேடச் சொல்வது ஆவணத்தின் தேவைகளுக்குப் பொருந்திய, மதிப்பீடு செய்த பிறகு மிகக் குறைவாக வரும் விலைமனுவை. மதிப்பீடு என்பதற்குள் இயக்கச் செலவு வரலாம். இரண்டு நிபந்தனைகள்தான்: விலை கேட்கும்போதே அதை ஆவணத்தில் எழுதியிருக்கவேண்டும், ரூபாயில் கணக்கிடக்கூடியதாக இருக்கவேண்டும். அறுபதாயிரம் ரூபாயை நியாயப்படுத்தும் இடம் மதிப்பீட்டு அறிக்கை இல்லை, விலை கோரும் ஆவணம். இதை 25 பேரும் விளங்கிக்கொண்டு போனாலே உங்கள் பயிற்சி வெற்றிதான்.

அந்த எட்டு ஏசியின் கணக்கு

நீங்கள் விலைகளைத் தந்தபடியால் கணக்கைப் போட்டே பார்க்கலாம். அலுவலக நேரம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், ஆண்டுக்கு 240 நாள். மொத்தம் 1,920 மணித்தியாலம். கொம்பிரசர் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடாது, ஆகவே முழு வேகத்துக்குச் சமமாக 1,400 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். விலை குறைந்தது 1.8 கிலோவாட், மற்றது 1.3 கிலோவாட் இழுக்கிறது என்று வைப்போம். ஒரு அலகு 40 ரூபாய். இவை நான் கணக்குக்காக எடுத்த எண்கள். வாட் அளவை விலைமனுவோடு வந்த தொழில்நுட்பத் தாளிலிருந்தும், அலகின் விலையை உங்கள் அலுவலகத்துப் பில்லிலிருந்தும் எடுத்து மாற்றிப் போடுங்கள்.

முதலாவது ஆண்டுக்கு 2,520 அலகு, 100,800 ரூபாய். இரண்டாவது 1,820 அலகு, 72,800 ரூபாய். வித்தியாசம் ஆண்டுக்கு 28,000. கூடக் கொடுத்த அறுபதாயிரம் இரண்டு ஆண்டு கடந்து சில வாரங்களில் திரும்பி வந்துவிடுகிறது. ஏசியோ பத்து ஆண்டு ஓடும்.

கணக்காளர்கள் இந்த இடத்தில், "பத்து ஆண்டுக்குப் பிறகு வரும் ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றா?" என்று கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கழித்து இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்தால், பத்து ஆண்டு மின்செலவு என்பது ஓர் ஆண்டுச் செலவின் 6.14 மடங்கு. அப்படிப் போட்டாலும் முதலாவதின் மொத்தச் செலவு 853,912, இரண்டாவதின் மொத்தம் 741,992. ஒரு ஏசியில் ஏறக்குறைய 112,000 ரூபாய் மிச்சம், எட்டிலும் சேர்த்து 9 இலட்சத்துக்குக் கிட்ட.

235,000 ரூபாய் ஏசியை மலிவு என்று உங்கள் அலுவலகம் நினைத்தது. அந்த ஏசியின் விலையைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கரண்டுக்குக் கட்டப்போகிறது. மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் விலையோடு சேர்த்து, லீட்டருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்றும் கேட்கிறார். அதே ஆள் அலுவலகக் கதிரையில் இருந்து ஏசி வாங்கும்போது கேட்பதில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஏசி வாங்குவது மூலதனச் செலவு, ஒரு தலைப்பு. கரண்ட் பில் மீண்டெழும் செலவு, வேறு தலைப்பு, பல இடங்களில் வேறு ஆள் பார்க்கும் கோப்பு. வாங்குகிறவரின் மேசைக்கு அந்தப் பில் வருவதே இல்லை.

ஐந்து நட்சத்திரமே எப்போதும் சரியா?

இல்லை. இதைப் பயிற்சியில் கட்டாயம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பேச்சின் நம்பிக்கை முதல் கேள்வியிலேயே போய்விடும்.

அதே ஏசியை ஆண்டுக்கு 150 மணித்தியாலம் மட்டும் திறக்கும் கூட்ட மண்டபத்தில் பூட்டினால், மிச்சம் 75 அலகு, அதாவது 3,000 ரூபாய். அறுபதாயிரம் திரும்பி வர இருபது ஆண்டு. அங்கே விலை குறைந்ததை வாங்குவதுதான் புத்தி. நாள் முழுவதும் ஓடும் பொருளுக்குக் காசைப் போடுங்கள். மருந்து வைக்கும் குளிர்சாதனப்பெட்டி, வெளிநோயாளர் பிரிவு மின்விசிறி, தண்ணீர்ப் பம்பி, இரவு முழுக்க எரியும் விளக்கு ஆகியவைதான் உண்மையில் காசு தின்பவை.

நட்சத்திரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் முத்திரையில் நட்சத்திரம் கூடினால் சிக்கனம் கூட. ஆனால் கடையில் உள்ள பெட்டிகளில் இந்திய முத்திரை ஒட்டினதும் இருக்கும், வேறு நாட்டு முத்திரை ஒட்டினதும் இருக்கும். ஒரு நாட்டின் ஐந்து நட்சத்திரம் இன்னொரு நாட்டின் ஐந்து நட்சத்திரம் அல்ல. இந்தியாவிலேயே ஏசிக்கான நட்சத்திர அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள், பழைய ஐந்து புதிய அட்டவணையில் நான்கோ மூன்றோ ஆகிவிடும். ஆகவே "ஐந்து நட்சத்திரம்" என்று மட்டும் எழுதினால் வழக்குக்கு வழி திறந்துவிடுகிறீர்கள். எந்த முத்திரை, எத்தனை நட்சத்திரத்துக்குக் குறையாமல் என்று எழுதுங்கள். முத்திரை இல்லாத பொருளுக்கு வாட், வெளியீடு என்று எண்ணில் கேளுங்கள்.

விளக்குக்கு வாட் மட்டும் எழுதும் பழக்கமும் ஒழியவேண்டும். "9 வாட் எல்ஈடி" என்று எழுதினால் 9 வாட்டில் மங்கலாக எரியும் மின்குமிழும் பொருந்திவிடும். மேசையில் வெளிச்சம் போதாது என்று ஆறு மாதத்தில் இரண்டு மடங்கு விளக்குப் பூட்டுவார்கள். எத்தனை லூமன் வெளிச்சம், ஒரு வாட்டுக்கு எத்தனை லூமனுக்குக் குறையாமல், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்கவேண்டும். எங்கள் பக்கத்துக் கரண்ட் ஏறி இறங்குவது உங்களுக்குத் தெரியாததல்ல. மின்னழுத்தம் தாங்கும் வீச்சையும் கேளுங்கள்.

எங்கள் ஊருக்கு மட்டும் உரிய ஒன்றையும் சேர்க்கிறேன். பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கம் உப்புக்காற்று ஏசியின் வெளி அலகைத் தின்றுவிடும். அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பூத்து உதிரத் தொடங்கினால் எந்த நட்சத்திரமும் காப்பாற்றாது, அதே குளிருக்கு இரட்டிப்பு நேரம் ஓடும். கடலோர அலுவலகங்களுக்கு அரிப்புத் தாங்கும் பூச்சை விவரக்கூற்றில், அதாவது எப்படிப்பட்ட பொருள் வேண்டும் என்று சொல்லும் பகுதியில், எழுதுங்கள். மின்சாரமே படகில் போகும் டீசலில் இருந்து வரும் தீவு என்றால், அங்கே மிச்சமாகும் ஓர் அலகின் உண்மையான பெறுமதி பில்லில் தெரிவதைவிடப் பெரிது.

ஏசி வாங்க முன்னர் கூரையையும் ஒருதரம் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சீலிங் அடிக்காத அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழே எவ்வளவு பெரிய ஏசி பூட்டினாலும் மத்தியானத்தில் குளிராது. சீலிங்குக்குச் செலவழித்தால் சின்ன ஏசியே போதும்.

ஆவணத்தில் என்ன எழுதுவது

கம்பனியின் பெயரைப் போடலாமா என்று கேட்டீர்கள். போடவேண்டாம். பெயரைப் போட்டால் போட்டி செத்துவிடும், முறைப்பாடு வரும், அந்த முறைப்பாடு வெல்லும். தவிர்க்கவே முடியாத இடத்தில் மட்டும் பெயரோடு "அல்லது அதற்குச் சமமானது" என்று எழுத இடமுண்டு. ஏசிக்கும் மின்விசிறிக்கும் அந்தத் தேவை வராது. உங்களுக்குப் பிடித்த கம்பனி உண்மையிலேயே நல்லது என்றால் எண்களில் அது தானாக வெல்லட்டும்.

பெரிய கொள்வனவுக்கு நான் இப்படி எழுதச் சொல்வேன். விவரக்கூற்றில் குறைந்தபட்ச வினைத்திறன் ஒரு வரி, அதற்குக் கீழே உள்ளது நிராகரிக்கப்படும். மதிப்பீட்டுப் பகுதியில் இன்னொரு வரி: "மதிப்பிடப்பட்ட விலை என்பது கொள்வனவு விலையோடு பத்து ஆண்டு மின்செலவின் இன்றைய பெறுமதியைச் சேர்த்தது. ஆண்டுக்கு 1,400 மணித்தியாலம், அலகுக்கு 40 ரூபாய், கழிவு வீதம் 10 என்று எடுக்கப்படும்." எண்களை நீங்களே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு விலைமனுதாரரும் தனக்கு வசதியான எண்ணைப் போட்டுக்கொண்டு வருவார். மின்னிழுவைக்கு ஆதாரம் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தின் பரிசோதனை அறிக்கை, விற்பனைப் பிரசுரம் ஏற்கப்படாது என்றும் எழுதுங்கள்.

மூன்று இடத்தில் விலைக்கூறல் எடுத்து வாங்கும் சின்னக் கொள்வனவுக்கு இவ்வளவும் தேவையில்லை. மின்விசிறியைப் பாருங்கள். பழைய வகை சீலிங் மின்விசிறி 75 வாட்டுக்குக் கிட்ட இழுக்கும், பிஎல்டிசி என்ற சிக்கன வகை மோட்டார் உள்ளது 30 வாட்டுக்குக் கிட்ட. அதே 1,920 மணித்தியாலத்துக்கு 86 அலகு மிச்சம், ஆண்டுக்கு 3,400 ரூபாய்க்கு மேல். விலைக்கூறல் கேட்கும் கடிதத்தில் "முழு வேகத்தில் 35 வாட்டுக்கு மேற்படாத" என்ற ஒரு தொடரைச் சேர்த்தால் அலுவல் முடிந்தது. அந்தத் தொடருக்குப் பொருந்தும் மின்விசிறிக்குச் சந்தையில் போதிய போட்டி இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கடையில் மட்டும் உள்ள பொருளுக்கு விவரக்கூற்று எழுதுவது பெயர் போடாமல் பெயர் போடுவதுதான்.

பிறகு பொருள் வந்து இறங்கும் நாள். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். களஞ்சியப் பொறுப்பாளர் பெட்டியை எண்ணிக் கையெழுத்து வைத்துவிடுகிறார். ஏசியின் வெளி அலகின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு இருக்கும், மொடல் இலக்கமும் மின்னிழுவையும் அதில் அச்சடித்திருக்கும். பரிசோதனை அறிக்கையில் உள்ள இலக்கத்தையும் தகட்டில் உள்ளதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடவேண்டும். முன் பகுதி எல்லாம் ஒன்றாக இருக்கும், கடைசி எழுத்து ஒன்று மாறியிருக்கும், அந்த ஓர் எழுத்தில் இன்வேர்ட்டர் இல்லாத மொடல் வந்திருக்கலாம். தகட்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

கணக்காய்வும் கைக்காசும்

2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் சேர்சார்ஜ் அறவிட, அதாவது நட்டத்தைப் பொறுப்பானவரிடமே அறவிட, அதிகாரம் கொடுத்தது உண்மை. அது வந்த பிறகு எல்லோருக்கும் ஒரு நடுக்கம். ஆனால் அந்த அதிகாரம் எதற்கு? சட்டத்துக்கு மாறாக நடந்த கொடுக்கல் வாங்கலில், மோசடி, கவனயீனம், கையாடல், ஊழல் என்பவற்றால் வந்த நட்டத்துக்கு. முன்கூட்டி எழுதிய அளவுகோல், எல்லோருக்கும் ஒரே கணக்கு, கோப்பில் வேலைத்தாள், குழுவின் கையெழுத்து இவ்வளவும் இருந்தால் அதில் கவனயீனம் எங்கே?

கணக்காய்வு இன்று பற்றுச்சீட்டை மட்டும் பார்ப்பதில்லை. சிக்கனம், வினைத்திறன் என்பனவும் அதன் வேலைக்குள் வருகின்றன. "எட்டு ஏசி வாங்கினீர்களே, இயக்கச் செலவைப் பார்த்தீர்களா?" என்று ஒரு கணக்காய்வாளர் நாளைக்குக் கேட்டால் உங்கள் அலுவலகத்திடம் பதில் இருக்கிறதா? இயக்கச் செலவைப் பார்க்காமல் விடுவதும் ஒரு தீர்மானம்தான், அதற்கும் யாரோ பொறுப்பு.

உங்கள் சொந்த நிலையைப் பற்றி. நீங்கள் தீர்மானம் எடுக்கும் ஆள் இல்லை, கோப்பைத் தயாரிக்கும் ஆள். ஆகவே கூட்டத்தில் வாதாடுவதைவிடக் குறிப்பு எழுதுவது உங்களுக்குப் பாதுகாப்பு. ஆவணம் வரையும் கட்டத்தில் ஒரு பக்கக் குறிப்பு: உத்தேச வரி, அதன் கணக்கு, அனுமதிக்குச் சமர்ப்பிக்கிறேன். மேலதிகாரி மறுத்தால் மறுத்ததாகவே கோப்பில் இருக்கட்டும். மதிப்பீட்டுக் குழுவில் உங்களை உறுப்பினராகப் போட்டால், மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு அறிக்கையில் பதியுங்கள். கணக்காளரைத் தோற்கடிக்கும் எண்ணம் வேண்டாம். அவர் பயந்தது அவருடைய கையெழுத்துக்காக. அந்தக் கையெழுத்துக்குப் பாதுகாப்பான தாள் ஒன்றை நீங்கள் கொடுத்தால் அவர் உங்கள் பக்கம் வருவார்.

நிறுவனத்தின் சாப்பாடு

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எழுத்தில், மரியாதையாக. அந்த மண்டபத்தில் இருக்கப்போகிற 25 பேரும் நாளைக்கு அந்த நிறுவனத்தின் விலைமனுவைத் திறக்கப்போகிறவர்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அரச உத்தியோகத்தர் கையூட்டு வாங்குவதையும் நலன் முரண்பாட்டையும் கடுமையாகப் பார்க்கிறது. ஒரு சோற்றுப் பார்சலுக்காக யாரும் சிறை போவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கேள்விமனுவில் அந்த நிறுவனம் வென்றால், தோற்றவர் எழுதும் முறைப்பாட்டின் முதல் வரி அந்தச் சாப்பாடாகத்தான் இருக்கும். அதைவிட மோசம், வளவாளர் காட்டும் மாதிரி விவரக்கூற்று. அதில் அவர்களுடைய ஏசிக்கு மட்டும் பொருந்தும் ஓர் எண் நைசாக நுழைந்திருக்கும், உங்கள் 25 பேரும் அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போவார்கள்.

சந்தையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்தான். அதற்கு எல்லா வழங்குநருக்கும் ஒரே கடிதம் அனுப்பித் தொழில்நுட்ப விவரம் கேளுங்கள். வளவாளருக்கு நிலைபெறுதகு வலு அதிகாரசபையிடமோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்திடமோ எழுதிக் கேட்கலாம். அரைநாள் கூட்டத்துக்குப் பிளேன்ரீயும் வடையும் அலுவலகச் செலவில் கொடுத்தால் போதும்.

அந்த அரைநாளை எப்படி நடத்துவது

நிலக்கரி, காலநிலை, உலகம் வெப்பமடைதல் என்று ஒரு மணித்தியாலம் படம் காட்டவேண்டாம். மின்சாரத்தின் அருமையை இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. உங்கள் முன் இருக்கப்போகிற மூத்தவர்கள் போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினவர்கள். இளையவர்கள் 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்ததைப் பார்த்தவர்கள். அவர்களுக்குக் குறைவது உணர்வு அல்ல, கோப்பில் எழுத ஒரு வரி.

அழைப்பிலேயே ஒரு நிபந்தனை போடுங்கள்: ஒவ்வொருவரும் தங்கள் அலுவலகத்தில் கடைசியாக வாங்கிய மின்பொருளின் கேள்விமனு ஆவணத்தின் பிரதியையும் கடைசிக் கரண்ட் பில்லையும் கொண்டுவரவேண்டும். வழங்குநர் பெயரை மறைத்துவிடலாம். முதல் வேலை, அந்த ஆவணத்தில் மின்செலவைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று தேடுவது. பெரும்பாலும் இராது. அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லவேண்டாம்.

அடுத்து இரண்டு மின்விசிறி, ஒரு பிளக் வாட்மீற்றர். பழையதை முழு வேகத்தில் போட்டு வாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு புதியதை. மீற்றரை வரிசையாகக் கையில் கொடுத்து ஒவ்வொருவரும் வாசிக்கட்டும். எழுபது சொச்சமும் முப்பது சொச்சமும் கண்ணுக்கு முன்னால் தெரிந்த பிறகு யாரும் உங்களோடு வாதாட மாட்டார்கள். அந்தச் சூட்டோடு அவரவர் பில்லை வைத்து, மேலே நான் போட்ட கணக்கை அவர்களையே போடவையுங்கள். கைத்தொலைபேசிக் கல்குலேற்றர் போதும். கூட்டமண்டப உதாரணத்தையும் கொடுங்கள், எங்கே வாங்கக்கூடாது என்பதையும் அவர்கள் கணக்கில் காணவேண்டும்.

இடைவேளைக்குப் பிறகு எழுதும் வேலை. நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். கொண்டுவந்த ஆவணத்தையே திருத்தி, வினைத்திறன் வரியும் மதிப்பீட்டு வரியும் சேர்த்து எழுதவேண்டும். பக்கத்து மேசைக்காரர் ஒரு விலைமனுதாரராக இருந்து அதில் ஓட்டை தேடட்டும். உள்ளகக் கணக்காய்வாளர் ஒருவரைக் கட்டாயம் அழையுங்கள், கடைசி அரை மணித்தியாலம் அவருடையது. "இப்படி ஒரு கோப்பு வந்தால் நான் என்னென்ன பார்ப்பேன்" என்று அவர் வாயால் சொன்னால், நீங்கள் நாள் முழுக்கப் பேசினாலும் போகாத பயம் போகும். முடிந்தால் கணக்காளர்களையும் கூப்பிடுங்கள். முகாமைத்துவ உத்தியோகத்தரை மட்டும் பயிற்றுவித்து அனுப்பினால், உங்களுக்கு நடந்ததுதான் அவர்களுக்கும் நடக்கும்.

பயிற்சி மட்டும் போதாது என்பதையும் உங்கள் மேலதிகாரிகளுக்குச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டின் வலுக்கொள்கைச் சட்டம், மத்திய அரசு அலுவலகங்கள் எனர்ஜி ஸ்டார் முத்திரை பெற்றதையோ அரசு குறித்த சிக்கன மட்டத்தில் உள்ளதையோ தான் வாங்கவேண்டும் என்கிறது. விலக்கு இரண்டே: பொருளின் ஆயுளில் அது காசைத் திருப்பித் தராது, அல்லது தேவைக்குப் பொருந்தும் பொருள் சந்தையில் இல்லை. இதில் எதைச் சொன்னாலும் நிறுவனத் தலைவர் எழுத்தில் சொல்லவேண்டும். அங்கே காரணம் எழுதவேண்டியவர் கரண்ட் தின்னும் பொருளை வாங்குகிறவர். இங்கே உங்கள் அலுவலகத்தில் காரணம் எழுதவேண்டியவராக நீங்கள் நிற்கிறீர்கள். அதைத் தலைகீழாக்க நாடாளுமன்றம் வரை போகத் தேவையில்லை. அலுவலகத் தலைவர் ஒரு பக்க உள்ளகச் சுற்றறிக்கை விட்டால் போதும்: ஆண்டுக்கு 1,000 மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் மின்பொருளின் கேள்விமனுவில் இயக்கச் செலவு சேர்க்கப்படும், சேர்க்காவிட்டால் காரணம் கோப்பில் எழுதப்படும்.

சேர்ந்து வாங்குவதையும் பேசிப் பாருங்கள். இந்தியாவில் அரச நிறுவனம் ஒன்று எல்ஈடி மின்குமிழை மொத்தமாகக் கொள்வனவு செய்யத் தொடங்கியபோது, 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்வனவு விலை இரண்டு மூன்று ஆண்டில் 40 இந்திய ரூபாய்க்குக் கீழே வந்தது. எங்களிடம் அந்த அளவு இல்லை. ஆனால் நான்கு பிரதேச சபைகள் ஒரே விவரக்கூற்றில் மின்விசிறி கேட்டாலே கொழும்பு வழங்குநர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது ஒவ்வொரு சபையும் பத்து, பதினைந்து என்று தனித்தனியாகக் கேட்பதால் உள்ளூர்க் கடையில் இருப்பதே வருகிறது.

பயிற்சியின் பலனைச் சான்றிதழ் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து 25 பேருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, அதற்குப் பிறகு வெளிவந்த ஆவணங்களில் எத்தனையில் அந்த வரி ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். ஏறாத இடத்தில் யார் தடுத்தார் என்றும் கேளுங்கள். அடுத்த பயிற்சிக்கு அழைக்கவேண்டியவர் அவர்தான்.

உங்கள் அலுவலகத்தில் பூட்டிய எட்டு ஏசியையும் வீண் என்று விட்டுவிடவேண்டாம். அதில் ஒன்றுக்குத் தனி மீற்றர் பூட்டி, ஒவ்வொரு மாதமும் எத்தனை அலகு ஓடியது என்று எழுதிவையுங்கள். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவவும், வெப்பநிலையை 26இல் வைக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த ஏசிக் கொள்வனவுக்கு 1,400 மணித்தியாலம் என்ற என்னுடைய உத்தேசத்தை வெட்டிவிட்டு உங்கள் அலுவலகத்தின் உண்மையான எண்ணைப் போடலாம். கணக்காளர் அந்த எண்ணை மறுக்க மாட்டார்.